கோமளாவுக்கு நான் சொன்ன பத்தியம்

திங்கட்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு நான் பசுக்களின் பின்புறத்துக்கு மார்க் போடுகிறேன். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில், என் ஆராய்ச்சி வேலையின் ஒரு பகுதி இது. கையில் உறை மாட்டிக்கொண்டு வால் முளைக்கும் இடத்திலும் இடுப்பெலும்பின் மேலும் விரலை அழுத்திப் பார்க்க வேண்டும். எலும்பு துருத்திக்கொண்டு நின்றால் ஒன்று. எலும்பே தட்டுப்படாமல் விரல் கொழுப்பில் புதைந்தால் ஐந்து. இதற்கு 'பாடி கண்டிஷன் ஸ்கோர்' என்று பெயர். வந்த முதல் வாரம், முதல் பசு. அழுத்திப் பார்த்தேன், மூன்றேகால் என்று மனத்துக்குள் போட்டேன், போட்ட கையோடு அதே கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். பசுவின் பின்பக்கம் லட்சுமி இருக்கிறாள், தொட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று நடக்கத் தெரியும் முன்பே கைக்குப் பழக்கிவிடுகிறார்கள். கால்நடை மருத்துவம் ஐந்து வருடம் படித்தும் என் கை அதை மறக்கவில்லை. கையில் சாணி அப்பிய உறை இருந்ததுதான் சங்கடம்.

ஷெரி என்ற ஆய்வக உதவியாளர் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "ஐ வாஷ்! ஐ வாஷ்!" என்று என் பிடரியைப் பிடித்து இழுத்துப்போய், சுவரோரம் இருந்த கண் கழுவும் தொட்டிக்குள் முகத்தை அமுக்கினார். "இட்ஸ் ஓகே, இட் இஸ் எ பிரேயர்" என்றேன். பயத்தில் பிரார்த்தனை செய்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். "ப்ரே, ஹனி, ப்ரே. பட் கீப் தெம் ஓபன்" என்று கண்ணிமைகளைத் தன் விரலாலேயே பிரித்துப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பதினைந்து நிமிடம் தண்ணீர் அடித்தார்கள். பிறகு ஒரு படிவம் வந்தது. விபத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லட்சுமி என்று எழுதக் கட்டம் இல்லை. அதற்குத் தண்டனையாக, கண்ணைத் தொடக் கூடாது என்று கார்ட்டூன் மனிதன் ஒருவன் விளக்கும் வீடியோவை இருமுறை பார்க்க வைத்தார்கள். பார்த்துவிட்டு, எவ்வளவு மூடர்கள் இவர்கள் என்று நினைத்தேன். பசுவை இத்தனை அளந்து பார்க்கிறவர்களுக்கு அதைத் தொடத் தெரியவில்லையே என்று எனக்கு ஒரே இளக்காரம். அந்த இளக்காரம் வந்த நாளிலிருந்து என் கூடவே சௌக்கியமாக வளர்ந்தது. தீனி போட நான் இருந்தேனே.

கொழுப்பு என்ற சொல் நம் ஊரில் இரண்டு இடத்தில்தான் புழங்கும். ஒன்று கறிக்கடை, இன்னொன்று வாய்த்துடுக்கானவனைத் திட்டும் இடம். நான் இந்தப் படிப்புக்குக் கிளம்பியபோது அக்கா வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாமா, "கொழுப்பப் பத்திப் படிக்க அவ்ளோ தூரம் போவணுமா மச்சான்? உங்கிட்டயே கொட்டிக் கெடக்குதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பட்டுத் தறியில் உட்கார்ந்து காலத்தைத் தள்ளுகிற மனிதருக்கு லெப்டினைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன்.

உங்களுக்கும் தெரியாது என்பதால் சொல்கிறேன். கொழுப்பு என்பது வீட்டுப் பரணில் அடுக்கி வைத்த சாமான் இல்லை. அது ஒரு சுரப்பி. கொழுப்புச் செல்கள் ஓயாமல் ரத்தத்தில் ஹார்மோன்களை விட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று லெப்டின். மாடு நன்றாகத் தின்றால், தானியம் அதன் முதல் வயிற்றில் புளித்துப் புரோப்பியோனேட் என்ற அமிலமாகிறது. கல்லீரல் அதிலிருந்து சர்க்கரை செய்கிறது. சர்க்கரை ஏறினால் இன்சுலின் ஏறுகிறது. இன்சுலின் ஏறினால் கொழுப்புச் செல்கள் லெப்டினைக் கூடுதலாகச் சுரக்கின்றன. லெப்டின் மூளைக்குப் போய், இருப்பு இருக்கிறது, தின்றது போதும் என்கிறது. பட்டினி கிடந்தால் எல்லாம் தலைகீழ். இன்சுலின் இறங்குகிறது, வளர்ச்சி ஹார்மோன் ஏறுகிறது, லெப்டின் வாயை மூடிக்கொள்கிறது, சேர்த்து வைத்த கொழுப்பு உடைந்து ரத்தத்தில் இறங்குகிறது. அடிப்போனெக்டின் என்று இன்னொன்று உண்டு. இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்கும்படி செய்வது அதன் வேலை. உடம்பு பெருத்த மாட்டில் அது குறைவு. கன்று போடும் சமயத்தில் எல்லா மாட்டிலும் இன்னும் குறையும். அந்தச் சில வாரங்கள்தான் ஒரு பசுவின் வாழ்க்கையிலேயே ஆபத்தானவை. வயிற்றில் கன்று சர்க்கரையை இழுக்கிறது, அடுத்து மடி இழுக்கிறது, பசுவுக்கோ பசி இல்லை.

இதைக் கண்டுபிடிக்க இங்கே செய்யும் கூத்தைப் பார்க்க வேண்டும். பசுவின் கழுத்தின் இரு பக்கமும் இரண்டு குழாய். ஒன்றில் இன்சுலின், மற்றதில் சர்க்கரைத் தண்ணீர். சர்க்கரை குறையாமல் இன்சுலினை மட்டும் ஏற்றி வைத்து, மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்து லெப்டினை அளப்பார்கள். லெப்டின் ஏறியதும் முதுநிலைப் பட்டக்காரர்கள் கைதட்டுவார்கள். அந்தப் பசு தன் தீனியைக் கிராம் கணக்கில் நிறுத்துத் தின்னும். கைதட்டியவர்கள் வெளியே போய், இரண்டு ரொட்டிக்கு நடுவே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் காரோட்டிக்கொண்டே தின்பார்கள்.

நம்மவர்கள் மட்டும் உசத்தியா என்ன? தீபாவளிக்குத் தமிழர்கள் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்துக் கூடுவோம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவார்கள், எல்லோரும் பாயசமே கொண்டுவருவார்கள். கணினி ஆட்கள் என்னைச் சுற்றி நின்று, "பாஸ், நீங்க மாட்டுக்கு டயட்டீஷியனாமே" என்று மூன்று வருடமாக ஒரே ஜோக்கை அடித்தார்கள். அடித்த கையில் மூன்றாவது கிண்ணம் பாயசம். இவர்களில் பாதிப் பேருக்கு இன்சுலின் இருக்கிறது, உடம்புதான் அது சொல்வதைக் கேட்பதில்லை. என் பசுக்களுக்கு நடப்பதுதான் இவர்களுக்கும் நடக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு மூலையில் நின்று, பட்டுச் சேலையும் வேட்டியுமாக நடமாடியவர்களுக்கு மனத்துக்குள் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கூடத்தில் மூன்றரைக்குக் கீழே ஒருவரும் இல்லை. கண்ணாடியில் பார்த்தபோது நான் நாலு.

பிள்ளையார்பாளையத்தில் என் அக்கா கலாவின் வீடு. இரண்டு தறி, பின்கட்டில் ஒரு மாட்டுக்கொட்டாய், அதில் கோமளா என்ற கலப்பினப் பசு. அக்காவுக்குப் பிள்ளைகள் வெளியூரில் படிக்கப் போன பிறகு கோமளாதான் எல்லாம். காலையில் பால் கறந்ததும் அவிழ்த்து விடுவாள். அது தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வரும். அந்தத் தெருவைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பட்டுப் பாவுக்கு அரிசிக் கஞ்சி போட்டுத்தான் விறைப்பேற்றுவார்கள். தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடும் நாட்களில், மிச்சக் கஞ்சி மொத்தமும் கோமளாவுக்கு. மற்ற நாட்களில் வடித்த கஞ்சி, பழைய சோறு, இட்லி. வெள்ளிக்கிழமை வாழைப்பழம். அமாவாசைக்கு அகத்திக்கீரை. கோயிலுக்குப் போய் வந்தவர்கள் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல். புடவை எடுக்க வந்த சென்னைக்காரர்கள் அதற்குப் பழம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு, ஏழு தலைமுறைப் பாவத்தைப் பத்து நிமிடத்தில் கழித்துவிட்டு ஓட்டலுக்குப் போவார்கள். ஊரே சேர்ந்து புண்ணியம் தேடிய வயிறு அது. அந்தப் புண்ணியம் முழுவதும் அதன் வாலடியில் படிந்துகொண்டே வந்தது.

போன வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். "தம்பி, கோமளாவுக்குச் சினை எட்டு மாசம் முடிஞ்சி போச்சுடா. நடக்கவே மூச்சு வாங்குது. நீதான் டாக்டராச்சே, கொஞ்சம் பாரேன்" என்றாள். போனைப் பின்பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். இடுப்பெலும்பு இருக்கும் இடமே தெரியவில்லை. நாலே முக்கால். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அது கோபமே இல்லை, ஒரு சந்தோஷம். நான் படித்ததெல்லாம் சரி, இவர்கள் செய்வதெல்லாம் தப்பு என்று கண்ணெதிரே ஒரு மாடு நிற்கிறதே என்ற சந்தோஷம்.

"இது மாடாக்கா? தெருவே சேர்ந்து இதக் கொல்லப் பாக்கறீங்க" என்று தொடங்கினேன். புண்ணியத்தைத் திட்டினேன், பொங்கலைத் திட்டினேன், பாவுக் கஞ்சியைத் திட்டினேன். கொழுத்த மாடு கன்று போட்டதும் எப்படிப் படுக்கும், அதன் கல்லீரலில் எப்படிக் கொழுப்பு அடைக்கும் என்று பயமுறுத்தினேன். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் போதும். ஆய்வகத்தின் படங்களைத் திரையில் காட்டினேன். வரிசையாக நிற்கும் பளபளப்பான மாடுகள், தலைக்கு மேலே எண்கள். "இதோ பாரு, இந்த மாடுங்கள ரெண்டு நாள் சுத்தமா பட்டினி போட்டோம். லெப்டின் எப்படி இறங்குது பாரு. கொழுப்பு எப்படிக் கரையுது பாரு. இங்கல்லாம் இப்படித்தான்" என்றேன். கீழே சரிந்து போகும் கோட்டை அவளுக்காகப் பெரிதாக்கினேன். அக்கா எட்டாவதோடு நின்றவள். அந்தக் கோட்டைக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"அதுங்களும் சினை மாடாடா?" என்றாள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வேண்டியது இந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் இதற்குச் சுற்றிய தாள். படத்தில் இருந்தவை சினைப்படாத இளம் கிடேரிகள். கன்றும் இல்லை, பாலும் இல்லை. இரண்டு நாள் பட்டினி அவற்றை ஒன்றும் செய்யாது. சினை முற்றிய கொழுத்த பசுவின் தீனியைத் திடீரென்று வெட்டினால், கன்று போட்ட பிறகு வரக்கூடிய ஆபத்து முன்னாலேயே வந்துவிடும். கொழுப்பு மொத்தமாக உடைந்து கல்லீரலில் போய் இறங்கும். கொழுத்த மாட்டைக் கடைசி மாதத்தில் இளைக்க வைக்கக் கூடாது என்பது மூன்றாம் வருடப் பாடம். எனக்குத் தெரியும். நான் அதை மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அக்கா கேட்ட கேள்வி என் காதில் விழுந்ததே தவிர, அதற்குள் ஒரு கேள்வி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எட்டாவது படித்தவள் என்ன கேட்டுவிடப் போகிறாள்? "எல்லாம் மாடுதான்க்கா. முதல்ல அது வாயக் கட்டு" என்றேன். "சரிப்பா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவள் போனை வைத்தாள். அன்று சாயந்தரம் நான் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுப் பாடிக்கொண்டே சமைத்தேன்.

அக்கா கோமளாவைப் பட்டினி போட்டாள். சுத்தமாக இல்லை, வைக்கோல் மட்டும் ஒரு கை காட்டினாள். அவிழ்த்து விடாமல் கட்டியே வைத்தால் கால் வீங்கும் என்று காலையில் தெருவில் நடக்க விட்டாள். ஆனால் தெரு சும்மா இருக்காது என்று தெரிந்து, நைலான் வலையில் ஒரு வாய்க்கூடை தைத்து அதன் முகத்தில் மாட்டினாள். களத்தில் போரடிக்கும்போது மாட்டுக்குப் போடுவார்களே, அது. பிள்ளையார்பாளையத்தில் சினைப்பசுவுக்கு வாய்க்கூடை போட்டு யாரும் பார்த்ததில்லை. கோமளா பழகிய வீடுகளின் வாசலில் எல்லாம் போய் நின்று, வலைக்குள்ளிருந்து மூக்கை நீட்டியிருக்கிறது. கஞ்சிப் பானையோடு வெளியே வந்தவர்கள் அக்காவைத் திட்டியிருக்கிறார்கள். "நீயும் புள்ள பெத்தவதானே கலா? வாயும் வயிறுமா இருக்கிறதப் போயி இப்படிப் பண்றியே, உருப்படுவியா?" என்று எதிர்வீட்டு அம்மா மண்ணை வாரித் தூற்றாத குறை. கோயில் வாசலில் ஒருத்தி அக்கா கையால் குங்குமம் வாங்கிக்கொள்ள மறுத்தாளாம். ஒன்பது நாள் அக்கா இதைத் தாங்கினாள். ஒருவரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. இதெல்லாம் பிற்பாடு மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஒன்பது நாளும் நான் அக்காவைக் கூப்பிடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று இருந்தேன்.

பத்தாம் நாள் மாமா கூப்பிட்டார். "மச்சான், மாடு படுத்துக்கிச்சி. வாய்க்கூடைய எடுத்துட்டு சோறு வெச்சா மூஞ்சியத் திருப்பிக்கினு படுத்துக்கினு இருக்குது. மூச்சுல ஒரு மாதிரி வாட வருதுபா, நகத்துக்குப் போடுற பாலிஷ் கணக்கா" என்றார். அந்த வாடை என்னவென்று தெரியாத மாட்டு வைத்தியன் உலகத்தில் இல்லை. கொழுப்பு அரைகுறையாக எரிந்து ரத்தத்தில் நஞ்சேறும்போது மூச்சில் வரும் வாடை அது. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றேன். ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, வந்துகொண்டிருக்கிறார் என்றார். வீடியோவைப் போட்டுவிட்டு என்னையும் கூடவே வைத்துக்கொண்டார்.

அரசு மருந்தகத்திலிருந்து வந்தது ஓர் இளம்பெண். நான் படித்த கல்லூரியில்தான் எனக்குப் பின்னால் படித்தவராக இருக்க வேண்டும். உள்ளூர் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்கிறவர்களை நாங்கள் 'ஊசிக்காரர்கள்' என்போம். வெளிநாட்டுக்கு வழியில்லாதவர்கள் என்று அர்த்தம். அந்த ஊசிக்காரி கொட்டாய்க்குள் நுழைந்ததும் குனிந்து மாட்டின் மூச்சை மோந்தார், வாலடியை அழுத்திப் பார்த்தார், ஆணியில் தொங்கிய வாய்க்கூடையைப் பார்த்தார். ஒரு கருவியும் இல்லாமல் அரை நிமிடத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

"சினை மாட்ட யாரும்மா பட்டினி போடச் சொன்னது?"

மாமா கையிலிருந்த போனில் நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு தரம் போனைப் பார்த்தாள். அதில் என் முகம் இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் மேடம். மாடு குண்டா இருக்குதேன்னு நானாத்தான் செஞ்சேன். புத்தி கெட்டுப் போச்சு" என்றாள்.

"அறிவிருக்குதாமா உங்களுக்கு? வாயில்லா ஜீவன வெச்சிக்கினு வெளயாட்டா?" என்று அந்தப் பெண் சத்தம் போட்டார். ஆய்வக இரைச்சல் அவர்களுக்குக் கேட்க வேண்டாம் என்று என் பக்கத்து ஒலியை அணைத்து வைத்திருந்தேன். விரல் பொத்தானுக்கு மேலேயே இருந்தது. தொட்டால் போதும், 'சொன்னது நான்தான் டாக்டர்' என்று மூன்று வார்த்தை. தொடவில்லை. முன்பின் தெரியாத ஓர் ஊசிக்காரி என்னை மட்டமாக நினைத்துவிடுவாளே என்ற பயம், கூடப்பிறந்தவள் திட்டு வாங்குவதைப் பார்ப்பதைவிடப் பெரிதாக இருந்தது. இத்தனை வருடம் எத்தனையோ பேரை இளக்காரமாகப் பார்த்திருக்கிறேன். அன்று போன் மூலையில் சின்னதாகத் தெரிந்த என் சொந்த முகத்தைப் பார்த்தது மாதிரி வேறு எவரையும் பார்த்ததில்லை.

அந்தப் பெண் வேலை தெரிந்தவர். நரம்பில் சர்க்கரை ஏற்றினார், வாய்வழியாக மருந்து ஊற்றினார், கன்றை முன்கூட்டியே இறக்க ஊசி போட்டார். கையோடு, "அந்தப் பாவுக் கஞ்சியவே வெல்லம் போட்டு ஊத்துங்க, உள்ள எறங்கட்டும்" என்றார். நான் திட்டிய அதே கஞ்சி. மறுநாள் மதியம் கன்று பிறந்தது. கிடேரி, சின்னது, ஆனால் உயிரோடு. கோமளா அதை ஒரு தடவை நக்கியதாம். மூன்றாம் நாள் கோமளா செத்துப்போனது. தெருவில் எல்லோரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாலை போட்டு வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். அக்காவை மட்டும் மாலை போட விடவில்லை என்று மாமா சொன்னார். "அவகிட்ட நான் சொல்லிப் பாத்தேன் மச்சான், உண்மையச் சொல்லிடேன்னு. அவன் பேரு எதுக்கு இந்தத் தெருவுல வரணும்னுட்டா." கன்று என்ன ஆயிற்று என்று நான் அக்காவிடமே கேட்டேன். "முசரவாக்கத்துல ஓப்படியா வூட்டுக்கு, அதான் உங்க மாமா தம்பி வூட்டுக்கு, ஓட்டிக்கினு போய்ட்டாங்கப்பா" என்றாள். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "வுடுடா, அது விதி" என்று சொல்லிவிட்டு, அங்கே பனி எப்படி, சாப்பாட்டுக்கு என்ன செய்தேன் என்று விசாரித்தாள். விருந்தாளியை விசாரிப்பது மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெரிய கூட்டத்தில் அதே படங்களைப் போட்டுப் பேசினேன். அதே கிடேரிகள், அதே சரியும் கோடு. பேசி முடித்ததும் முன்வரிசையில் கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கையைத் தூக்கி, இந்த மாடுகள் சினையாக இருந்தவையா என்று கேட்டார். "தட்ஸ் அன் எக்ஸலண்ட் கொஸ்டின்" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. இல்லை, இவை சினைப்படாதவை, ஆகவே இந்த முடிவை ஈனும் தறுவாயில் இருக்கும் பசுக்களுக்கு ஒருபோதும் பொருத்தக் கூடாது என்று மூன்று நிமிடம் பொறுமையாக விளக்கினேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். நான் கீழே இறங்கிக் கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். உலகத்தில் இந்த நல்ல கேள்வியை முதலில் கேட்டவள் எட்டாவது படித்த ஒரு பொம்பளை, அவளுக்கு நான் சொன்ன பதில் எல்லாம் மாடுதான் என்பது.

உயர்ந்த படிப்புக்காகக் கடல் தாண்டி வந்திருக்கும் உங்களில் யாருக்காவது ஊரிலிருந்து போன் வந்து, மாட்டுக்கோ மனுஷருக்கோ மருந்து கேட்டால், தயவுசெய்து எதிரே பேசுகிறவரை முழுதும் பேச விடுங்கள். இந்தப் புத்தியைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. சொல்லிவிட்டேன், வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அக்காவைக் கூப்பிட்டேன். இங்கே காலை ஆறு, அங்கே சாயந்தரம் நாலரை. கன்று போட்ட பசுக்களின் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தேன். வீடியோ வேண்டாம், சிக்னல் சரியில்லை என்றாள். அவளைப் போலவே நானும் போனை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு பசுக்களைப் பார்த்தபடி பேசினேன். வழக்கம்போலப் பனி, சாப்பாடு. திடீரென்று அவள் பக்கத்திலிருந்து ஒரு கன்றின் குரல் கேட்டது. தெருவிலிருந்து வரும் சத்தம் இல்லை, பின்கட்டிலிருந்து, கிட்டத்தில். பால் வேளை தப்பியதற்குக் கத்தும் குரல். வேறு எது தெரியாவிட்டாலும் அந்தக் குரல் எனக்குத் தெரியும். கன்று முசரவாக்கம் போகவே இல்லை. அங்கேயேதான் வளர்ந்துகொண்டிருக்கிறது, என் கண்ணில் படாமல். நான் அதற்கு ஏதும் சொல்லிவிடக் கூடாதே என்று என் அக்கா அதை என்னிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

"என்னக்கா சத்தம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா. பக்கத்து வூட்டுது" என்றாள்.

கன்று மறுபடி கத்தியது. என் எதிரே இருந்த பசு தீனியிலிருந்து தலையைத் தூக்கியது. முந்தின நாள்தான் ஈன்றிருந்தது. இங்கே கன்றைப் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே பிரித்துத் தனிக் கூண்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்தப் பசு கம்பிக்கு இடையில் முகத்தை நுழைத்து, என் கையிலிருந்த போனுக்கு மூக்கை நீட்டி, அடித்தொண்டையில் ம்ம்ம் என்று பதில் சொன்னது. அந்தப் பக்கம் கன்று சட்டென்று நிறுத்தி, பிறகு முன்னைவிட வேகமாகக் கூப்பிட்டது.

"அங்க என்னடா சத்தம்?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. இங்க ஏதோ மிஷினு" என்றேன்.

இருவரும் போனை வைக்கவில்லை. அந்தக் கன்றும் இந்தப் பசுவும் கூப்பிட்டு ஓயும்வரை, நான் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.